அப்பாவின் பேஸ்மேக்கர் ஒயரை எடுத்த இதயப் பிரிவு: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

குறையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. சிங்கப்பூரில் உள்ள ஓர் அரசாங்க மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மேக்கர் என்பது இதயத் துடிப்பைச் சீராக வைக்க நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் சிறு பெட்டியும், அதிலிருந்து ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குப் போகும் ஒயரும். அப்பாவுக்கு அதை வைத்த இடத்தில் தோல் சிவந்து, மெலிந்து, ஓரத்தில் நீர் கசிந்தது. ஆண்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா பையைக்கூட எடுத்து வரவில்லை. டாக்டரோ, பெட்டியில் கிருமி ஒட்டிவிட்டால் ஒயர் வழியே இதயம் வரை போய்விடும், மருந்து மட்டும் போதாது, எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும் என்றார்.

பெட்டியை எடுப்பது சுலபம். ஒயர்தான் வில்லங்கம். 2011இல் போட்ட ஒயரைச் சுற்றி ரத்தக்குழாயிலும் இதயத்திலும் தழும்பு வளர்ந்து, சுவரில் இறங்கிய ஆலமர வேர் மாதிரி பிடித்துக்கொண்டிருக்குமாம். வெறுமனே இழுத்தால் கிழியும். அதனால் ஒயருக்குள்ளே மெல்லிய கம்பியை விட்டு நுனியில் இறுக்கிப் பூட்டி, வெளியே ஒரு குழாயை மாட்டி, லேசரால் தழும்பை இம்மி இம்மியாகப் பிரித்துக்கொண்டே போகிறார்கள். டாக்டர் மாதிரிக்கு ஓர் ஒயரைக் காட்டினார். நூடுல்ஸ் பருமன்தான், நுனியில் குட்டித் திருகு. அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

எனக்குப் பிடித்தது டாக்டரின் பூசி மெழுகாத பேச்சு. இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகலாம், அரிதுதான், ஆனாலும் நெஞ்சைத் திறக்கும் சர்ஜன் தயாராக இருப்பார், ரத்தமும் எடுத்து வைத்திருப்போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பேஸ்மேக்கர் இல்லாமல் அப்பாவால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே கழுத்து வழியே தற்காலிக ஒயர். ரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு வலப்பக்கம் புதுப் பெட்டி.

ஒரு நட்சத்திரம் குறைத்தது தமிழுக்காக. சம்மதப் படிவத்தை விளக்கத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன், யாரும் வரவில்லை. "உயிருக்கு ஆபத்து" என்று மகளான நானே அப்பாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு), மெடிஷீல்ட் லைஃப் (அரசாங்க மருத்துவக் காப்புறுதி) கழித்து வரும் தொகையை பில்லிங் பெண்மணி பொறுமையாக எழுதிக் காட்டினார். வார்டு சாப்பாட்டில் ரசம் என்று வந்தது, ரசம் இல்லை.

போகிறவர்கள், இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், சர்ஜன் எவ்வளவு தூரத்தில் இருப்பார் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டோம். முகம் சுளிக்கவில்லை.