நிப்பிள் வைத்ததா, மூடியதா? தோட்டத்து ஜீப்புக்கு எந்தக் குரோஸ் ஜாயிண்ட்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர் வண்டிகளுக்கு, கியர்பாக்ஸ் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில் குரோஸ் ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் ஷாஃப்டைச் சுழலவிடும் சிலுவை இணைப்பு) மாற்றும் நேரம் வந்தால், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு வகை கேட்கலாம். ஒன்று கிரீஸ் அடிக்க நிப்பிள் (கிரீஸ் கன் முனை மாட்டும் சிறு வாய்) வைத்தது. மற்றது செய்யும்போதே கிரீஸ் அடைத்து மூடியது. செம்மண் சாலையில் பழக்குலை ஏற்றி ஓடும் வண்டிக்கு என் தேர்வு நிப்பிள் வைத்ததுதான்.

மூடியதிலும் நல்ல குணம் உண்டு. நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டில் கிரீஸ் போகத் துளை போடுவதில்லை. முழு எஃகு என்பதால் அதே அளவில் வலு கூடுதல். தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு, கிரீஸ் கன் பிடிக்க ஆளில்லாத வீட்டுக்கு, அதுவே போதும். நிப்பிள் இருந்தும் கிரீஸ் காணாத ஜாயிண்ட், மூடியதற்கு முன்னாலேயே தேய்ந்துவிடும்.

தோட்டத்தில் கணக்கை மாற்றுவது தண்ணீர். ஓடிச் சூடேறிய ஜாயிண்ட் ஓடையில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அந்த ஓரமாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மூடிய ஜாயிண்டில் போன தண்ணீரை வெளியே எடுக்க வழியே இல்லை. ஊசி பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) துருப்பிடித்து, மெதுவாகப் போகும்போது கீச் கீச்சென்று சத்தம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். நிப்பிள் இருந்தால் புதுக் கிரீஸே பழையதையும் தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும்.

அதைவிடப் பெரிய லாபம், வெளியே வரும் கிரீஸைப் பார்க்க முடிவது. சிலுவையின் நான்கு முனையிலும் கிண்ணம்போல் மாட்டியிருக்கும் மூடியின் ஓரத்தில் பிதுங்குவதை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து வழவழப்பாக இருந்தால் கவலையில்லை. தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சுத்தமான நிறம் வரும்வரை அடிக்க வேண்டும். செந்தூள் கலந்து நறநறவென்று இருந்தால் ஊசிகள் அரிக்கத் தொடங்கிவிட்டன. அந்த ஜாயிண்டுக்குக் கிரீஸ் அடித்துப் பயனில்லை, புதிதுக்குச் சொல்லிவிடலாம். மூன்று மூடியில் கிரீஸ் வந்து நான்காவதில் வராவிட்டால் ஷாஃப்டைச் சற்றுத் திருப்பி, அசைத்துக்கொண்டே மெதுவாக அடியுங்கள். வராத மூடிதான் முதலில் போகும். வேகமாக அடித்தால் சீல் வெளியே வந்துவிடும்.

சாதாரண லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் முன்னும் பின்னும் இரண்டு ஷாஃப்ட். நான்கு குரோஸ் ஜாயிண்ட், இரண்டு ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல் வைத்த சறுக்கு இணைப்பு), ஆக ஆறு நிப்பிள். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை. சாலை ஓட்டத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை அடித்தால் சரி. அக்டோபர், நவம்பர் மழையில் வாரம் ஒரு தடவை, ஓடை கடந்தால் மறுநாள் காலையிலேயே அடிப்பது நல்லது. குரோஸுக்கு லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மை 2ஆம் எண். ஸ்பிளைனுக்கு மாலிப்டினம் கலந்த அதே எண் கிரீஸை டொயோட்டா சொல்கிறது. ஸ்பிளைனில் மட்டும் கை அடக்கம் வேண்டும். அளவுக்கு மேல் அடைத்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் போய், கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங்கை இடிக்கும்.

மாட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். லேண்ட் ரோவரில் கைபிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, ஷாஃப்டை. ஷாஃப்டைக் கழற்றியதும் வண்டி உருளும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டுத்தான் கீழே படுக்க வேண்டும். ஷாஃப்ட் முனையை போல்ட்டால் பிடிக்கும் ஃபிளேஞ்சிலும் ஷாஃப்டிலும் ஸ்பிளைனின் இரு பக்கத்திலும் பெயிண்டில் கோடு போடுங்கள். ஸ்பிளைன் ஒரு பல் மாறினால் இரு முனை யோக்கும் (சிலுவையைப் பிடிக்கும் கவை) நேர் தப்பி, வண்டி அதிரும். லேண்ட் ரோவர் போல்ட்டுக்கு 9/16 இன்ச் ஸ்பானர். பூட்டு நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

பழைய மூடியைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் யோக்கின் காது வளையும். வைஸில் ஒரு பக்கம் சிறிய சாக்கெட், மறுபக்கம் மூடி நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட் வைத்து அழுத்துங்கள். கழற்றிய சிலுவையின் தண்டில் நகத்தை ஓட்டினால், ஊசி பதிந்த பள்ளம் வரி வரியாகத் தட்டும். புதிதை வாங்கும்முன் மூடியின் விட்டத்தையும் மூடிக்கு மூடி நீளத்தையும் வெர்னியரில் அளந்து போங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு அளவு வருவதுண்டு.

புதியதை மாட்டும்போது பெரும்பாலும் கெடுப்பது விழுந்துவிட்ட ஓர் ஊசிதான். மூடியின் அடியில் அது குறுக்கே கிடந்தால் மூடியைப் பூட்டும் வளையமான சர்க்கிளிப் உட்காரும் பள்ளம் தெரியாது. அங்கே மேலும் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். ஊசிகளைக் கெட்டிக் கிரீஸில் ஒட்டவைத்தால் விழாது. நிப்பிள் ஷாஃப்டின் குழாய்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஃபிளேஞ்சுப் பக்கம் திரும்பினால் கன் முனை நுழையாது, அந்த ஜாயிண்டுக்குப் பிறகு கிரீஸே போகாது. இரு முனை நிப்பிளும் ஒரே பக்கம் வந்தால் வண்டியை நகர்த்தாமலே அடிக்கலாம். சர்க்கிளிப் பூட்டியதும் கை விரலால் அசைத்துப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், தளரும். பெட்டியிலிருந்து வரும் ஜாயிண்டில் இருப்பது பெரும்பாலும் மாட்டுவதற்கான கொஞ்சம் கிரீஸ்தான். நான்கு மூடியிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.