சாஷே ஈஸ்ட், கோகோ ஈஸ்ட்: எதற்கு அதிகம் பயப்படுவது?

வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தரும் சில சாஷேக்களில் இருப்பது சாக்கரோமைசிஸ் பூலார்டி. 1923ல் ஆன்றி பூலார் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் இது. பிச்சியா குட்ரியாவ்ஸெவி வேறு ரகம்: குவித்துப் புளிக்கவைத்த கோகோ கொட்டைகளின் சதையில் தானாகவே வந்து சேரும். சாக்லேட் மணத்தில் அதற்கும் பங்குண்டு.

சரி, இரண்டும் ரத்தத்துக்குள் போனால்?

பூலார்டிக்கு உள்ளே போக வழி வேண்டும். பெரும்பாலும் அந்த வழியைத் திறந்துவிடுவது நாம்தான். ஐசியூ படுக்கையருகே சாஷேயைக் கிழித்தால் பொடி பறக்கும், கையுறையில் ஒட்டும், அதே கையோடு கழுத்து ரத்தநாளத்தில் செருகிய குழாயைத் தொட்டால் போதும். அதனால்தான் குழாய் போட்ட நோயாளிக்கு இது கூடாது என்கிறார்கள்.

பிச்சியாவை ஆஸ்பத்திரி லேபில் கேண்டிடா க்ரூசி என்பார்கள். இரண்டு பெயரும் ஒரே இனத்துக்குத்தான் என்பதை 2018ல் மரபணு ஒப்பீடு உறுதிசெய்தது. வழக்கமான பூஞ்சை எதிர்ப்பு மருந்தான ஃப்ளூகோனசோல் அதனிடம் பிறவியிலேயே செல்லாது. என் ஓட்டு, பயப்படுவதில், பிச்சியாவுக்கே. சாஷேயை நிறுத்திவிடலாம், இது பழத்திலும் மண்ணிலும் சும்மா கிடக்கிறது.