தார் பாலைவனத்தில் ஐந்து இரவுகள்: எங்கே தங்கினோம், எங்கே மறுபடி தங்குவோம்

எங்கள் வீட்டில் பயணத்துக்கு இடம் பார்ப்பது என் வேலை. இந்த முறை ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து பாத்ரூம் போக வேண்டும். இருட்டில், குளிரில், விழாமல் போய் வர முடியுமா? இணையத்தில் பார்த்த எந்தப் படத்திலும் இதற்குப் பதில் இல்லை. நாங்கள் தங்கிய ஐந்து இடங்களைப் பற்றி விவரமாக எழுதுவது அதனால்தான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு காரில் போகிற யாருக்காவது இது உதவும்.

நான் அகமதாபாத் மணிநகரில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா பஞ்சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். கணவருக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். அத்தை தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து வளர்ந்தவர். மணல்மேடு பார்க்க ராஜஸ்தான் வரை போகவேண்டுமா என்று முதலில் கேட்டார். ஆனால் பேரன் கேட்டதும் பெட்டி கட்டிவிட்டார். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பினோம். மொத்தம் ஏறத்தாழ 1400 கிலோமீட்டர், எங்கள் சொந்த வண்டி.

முதல் இரவு ஜோத்பூர். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோட்டைக்குக் கீழே நீலச் சுவர் வீடுகள் இருக்கிற பழைய நகரத்துக்குள் தங்க ஆசை இருந்தது. அங்கே சந்துகளில் கார் நுழையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், வீடுகளுக்குள் படிகளும் செங்குத்து. 450 கிலோமீட்டர் ஓட்டி வந்த களைப்பில் அது முடியாது என்று தெரிந்து, பைபாஸ் பக்கம் கார் நிறுத்த இடமுள்ள சாதாரண லாட்ஜில் படுத்தோம். சரியான முடிவு.

இரண்டாம் இரவு பலோதி. 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் அடித்த ஊர் இதுதான். இந்தியாவில் அதுவரை அப்படி ஒரு வெயில் பதிவானதில்லை. நாங்கள் போனபோது விடியற்காலையில் மூக்கு விறைத்தது. இங்கே தங்குவதற்கு ஒரே காரணம் பக்கத்தில் இருக்கிற கீச்சன் கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வரும் குர்ஜா என்கிற கொக்குகளுக்கு ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகத் தானியம் போடுகிறார்கள். காலையில்தான் அவை இறங்கும். ஜோத்பூரில் தங்கிவிட்டு வரலாம் என்று நினைத்தால் இருட்டில் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் பலோதியிலேயே 1,300 ரூபாய்க்கு ஒரு அறை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, டிவி ஓடவில்லை. ஆனால் தரைத்தளம், கீசர் வேலை செய்தது, கேட்காமலேயே ஆளுக்கு இரண்டு ரஜாய் கொடுத்தார்கள். ரஜாய் என்பது பஞ்சு அடைத்த கனமான போர்வை. இந்தப் பயணத்தில் நான் அதிகம் மதிக்கக் கற்றுக்கொண்ட பொருள் அது. மறுநாள் காலை ஆயிரக்கணக்கான கொக்குகள் ஒரே இரைச்சலாக இறங்கியதை என் மகன் இன்னும் நடித்துக் காட்டுகிறான். அதற்காகவே அந்த அறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்றாம் இரவு ஜெய்சால்மர். இங்கே ஒரு முடிவை யோசித்து எடுத்தோம், அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1156-இல் ராவல் ஜெய்சால் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள், தங்கும் விடுதிகளும் நிறைய இருக்கின்றன. கோட்டைக்குள்ளேயே ஒரு இரவு தூங்குவது யாருக்கும் ஆசை காட்டும். நாங்கள் வேண்டாம் என்று விட்டோம். அந்தக் கோட்டை நிற்கிற குன்று இறுகிய பாறை இல்லை, மணற்கல்லும் களிமண்ணும் கலந்தது. குடத்தில் தண்ணீர் தூக்கி வந்து அளந்து செலவழித்த காலத்துக்காகக் கட்டிய இடம். இப்போது குழாய்த் தண்ணீர், அறைக்கு அறை ஷவர், ஃப்ளஷ் எல்லாம் வந்து, கசிகிற நீர் கீழே இறங்கி குன்றையே இளக்குகிறது. கோட்டையின் சில பகுதிகள் இடிந்தும் விழுந்திருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் நினைவுச்சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996-இலேயே இது வந்துவிட்டது. 2013-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்தது. அங்கேயே பிறந்து வாழ்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் வீடு. ஒரு இரவுக்குப் போகிற நாம் நாலு பேர் குளித்து, நாலு பேர் தண்ணீரை அந்தக் குன்றுக்குள் விடாமல் இருக்கலாம் இல்லையா? பகலில் உள்ளே போய்ச் சமணக் கோயில்களை நிதானமாகப் பார்த்தோம், டீ குடித்தோம், சால்வை வாங்கினோம். படுக்க வெளியே வந்துவிட்டோம்.

வெளியே தங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. கோட்டைக்குள் இருந்தால் கோட்டை தெரியாது. நாங்கள் இருந்த வீட்டு மாடியிலிருந்து சாயங்காலம் மஞ்சள் கல் பொன்னாகி, பிறகு கருஞ்சிவப்பாகி அணைவதை முழுக்கப் பார்த்தோம். அறைக்கு 2,800 ரூபாய். ஒரு எச்சரிக்கை: ஜெய்சால்மரில் பழைய ஹவேலி வீடுகளின் படிக்கட்டுகள் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ‘கீழ் அறை’ என்று போனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் வாசலிலிருந்து ஒன்பது படி. அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம், உடனே மாற்றினார்கள். அன்றிலிருந்து ‘தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி?’ என்றே கேட்கிறேன்.

நான்காம் இரவு சம். ஜெய்சால்மரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர். படங்களில் எல்லாரும் பார்க்கிற பெரிய மணல்மேடு இங்கேதான். சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக டென்ட் முகாம்கள். ஒட்டகச் சவாரி, ஜீப் சவாரி, இரவு உணவு, ஆட்டம் பாட்டு, காலை உணவு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,500 ரூபாய் கொடுத்தோம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். சூரியன் இறங்கும் நேரத்தில் அந்த மேடு உண்மையிலேயே அழகு. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் யாரையும் பிடிக்காமல், சரிவில் குறுக்காகக் கால்வைத்து ஏறினார். “ஏளா, இது நம்ம தேரியில்லா! நெறம்தான் வேற” என்று சொல்லிவிட்டு மேலே போய் உட்கார்ந்தார். மணலில் நடக்கத் தெரிந்தவருக்கு முழங்கால் வலி தெரியவில்லை போலிருக்கிறது. இரவு, மாங்கணியார் பாடகர்கள் இரண்டு பேர் கமாய்ச்சா என்கிற வில் வாத்தியமும் கர்தால் என்கிற மரக்கட்டைத் தாளமும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாடினார்கள். மைக் இல்லாமலேயே அந்தக் குரல் கடைசி வரிசை வரை வந்தது.

அரை மணி நேரம்தான். பிறகு அவர்களை எழுப்பிவிட்டு ஸ்பீக்கர் போட்டார்கள். எங்கள் முகாமில் பதினொன்றுக்கு நிறுத்தினாலும் பக்கத்து முகாமில் நிற்கவில்லை. டென்ட் துணிக்கு ஒலியைத் தடுக்கும் சக்தி கிடையாது. குளிரைத் தடுக்கும் சக்தியும் கிடையாது. காற்றில் ஈரம் இல்லை, வானத்தில் மேகம் இல்லை, பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் மணல் சாயங்காலமே விட்டுவிடுகிறது. ஹீட்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜெனரேட்டர் தாங்காது என்று அங்கே போன பிறகு சொன்னார்கள். நடுராத்திரிக்குப் பிறகு ஜெனரேட்டரையே அணைத்தார்கள்.

ஒரு மணிக்கு அத்தை என்னை எழுப்பினார். பாத்ரூம் டென்டின் பின்பக்கம் ஒட்டியே இருந்தது, அதை நம்பித்தான் பதிவு செய்திருந்தேன். ஆனால் படுக்கைத் தரைக்கும் பாத்ரூம் தரைக்கும் நடுவே ஒரு அடி உயரத் திண்டு, அதன்மேல் ஈரமான டைல்ஸ், விளக்கு இல்லை. போன் வெளிச்சத்தில் அவரை இடுப்பில் அணைத்துப் பிடித்து இறக்கினேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் டேங்கரில் வருகிறது, மோட்டார் கரண்டில் ஓடுகிறது, கரண்ட் நின்றால் எல்லாம் நின்றது. வாளியில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குடிக்க வைத்திருந்த பாட்டிலைத்தான் கொடுத்தேன். “இருக்கட்டும், நீ போய்ப் படு” என்று அத்தை சொன்னார். அப்புறம் விடியும்வரை அவர் எழுந்திருக்காமல் அடக்கிக்கொண்டு படுத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த ராத்திரிக்காக எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சம்முக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பகலிலும் அந்தியிலும் போய்ப் பாருங்கள். இளவட்டமாக நண்பர்களோடு போனால் அந்த ஆட்டமும் பிடிக்கும். முதியவரோ கைக்குழந்தையோ கூட இருந்தால் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு ஜெய்சால்மருக்கே திரும்பிவிடலாம், ஒரு மணி நேரப் பாதைதான்.

மறுநாள் குல்தாரா, காபா என்கிற கைவிடப்பட்ட பழைய ஊர்களைப் பார்த்துக்கொண்டு ஐந்தாம் இரவுக்குக் கூரிக்கு வந்தோம். ஜெய்சால்மருக்குத் தென்மேற்கே இருக்கிற சிறு கிராமம். இதைப் பற்றி எழுதவே இவ்வளவு தூரம் வந்தேன். நாங்கள் தங்கியது விடுதி இல்லை, ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் நாலு மண் குடில். அவர்கள் பெயரையும் எண்ணையும் பொதுவில் எழுத எனக்கு உரிமை இல்லை. ஊருக்குள் இதுபோல வேறு வீடுகளும் இருக்கின்றன, போய் விசாரித்தால் காட்டுவார்கள். இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, ஒட்டகம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,200 ரூபாய்.

குடிலின் சுவர் என் முழங்கை நீளத்துக்கு மேல் தடிமன். களிமண்ணும் சாணமும் குழைத்து வீட்டுப் பெண்களே பூசி, மேலே வெள்ளையில் கோலம் போட்டிருந்தார்கள். மேலே புல் கூரை. உள்ளே போனதும் ஒரு மெல்லிய வெதுவெதுப்பு, பகல் வெயிலை அந்தச் சுவர் சேர்த்து வைத்து ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. சம்மில் ஹீட்டருக்கு ஏங்கிய நாங்கள் இங்கே ரஜாயை ஒதுக்கிவிட்டுத் தூங்கினோம்.

பாத்ரூம் வெளியேதான், முற்றத்தின் மூலையில். பன்னிரண்டு எட்டு நடக்க வேண்டும். கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கார அம்மா அத்தையின் நடையை ஒரு முறை பார்த்தார். மகனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பையன் குடில் வாசலிலிருந்து பாத்ரூம் கதவு வரை இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டினான், ஒட்டகத்துக்குக் கட்டுகிற கயிறு. வாசலில் ஒரு சோலார் விளக்கு. உள்ளே இரண்டு வாளியில் தண்ணீர், மூடிவைத்து. பாதை முழுவதும் மெழுகிய சமதளம், ஒரு படிகூட இல்லை. ராத்திரி அத்தை இரண்டு தடவை போய் வந்தார், என்னை எழுப்பவே இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரைத் தொடாத பகுதி. முற்றத்துக்கு வெளியே டாங்கா என்கிற நிலத்தடித் தொட்டி, மழைநீர் சேர்ப்பது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி, விறகடுப்பில் சுடவைத்து. அதற்கு மேல் கேட்கக் கூடாது, கேட்கவும் தோன்றவில்லை.

சாப்பாடு கம்பு ரொட்டி, மேலே நெய், பக்கத்தில் வெல்லம். கேர் சாங்கிரிக் கறி. கேர் என்பது முட்புதரில் காய்க்கும் சின்னக் காய், சாங்கிரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரியைப் பார்த்ததும் அத்தை இலையைக் கிள்ளி முகர்ந்து “வன்னி மரம்லா” என்றார். ஆமாம், நம் கோயில்களில் நிற்கிற அதே வன்னி. வேலியோரம் முழுக்க எருக்கு. தெரிந்த செடிகளைப் பார்த்ததும் அத்தைக்கு அது வேற்றூராகவே இல்லாமல் போயிற்று. அந்த வீட்டு மூதாட்டிக்கு மார்வாரி மட்டும், அத்தைக்குத் தமிழ் மட்டும். இருவரும் அடுப்பருகே ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கப் போனபோது இருவருமே கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. மணல்மேடு சம்மை விடச் சின்னது. போன் சிக்னல் வந்து வந்து போகும். காலையில் ஒட்டகச் சாணத்தின் வாசனை இருக்கும். ஏசி கிடையாது, ஏப்ரலுக்கு மேல் போக நினைக்க வேண்டாம். தனியாகக் குளியலறை இல்லாமல் முடியாது என்பவர்கள் ஜெய்சால்மரிலேயே தங்கட்டும். சிலர் டிரைவரோடு போவார்கள். அவருக்குப் படுக்க ரஜாயோடு ஒரு கட்டில் உண்டா என்று எந்த இடத்திலும் முன்பே கேளுங்கள். சம்மில் இரண்டு டிரைவர்கள் காருக்குள் நடுங்கிக்கொண்டு தூங்கியதை நான் பார்த்தேன்.

கிளம்பும்போது மூதாட்டி ஒரு துணிப்பையில் காய்ந்த சாங்கிரி கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பார்மர், சாஞ்சோர் வழியாக அகமதாபாத் வந்து சேர்ந்த மறுவாரம் அத்தை அதை ஊறவைத்துப் புளிக்குழம்பு வைத்தார், சுண்டைக்காய் வற்றல் போல நன்றாகவே இருந்தது. அடுத்த குளிர்காலத்துக்கு இரண்டு இரவும் கூரியிலேயே என்று சொல்லி வைத்திருக்கிறேன். உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ வாங்கி அனுப்பச் சொல்லி அத்தை இப்போதே ஊருக்குப் போன் போட்டாயிற்று, அந்த அக்காவுக்குக் கொடுக்க.