நிறமாலைக் குழாய்ப் பெட்டி: ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்குமாக வாங்கலாம்

அணு அமைப்புப் பாடத்துக்காக, குழாய்க்குள் இருக்கும் வாயுவை மின்சாரத்தால் ஒளிரவைத்து அதன் நிறக்கோடுகளைக் காட்டும் இந்தப் பெட்டியை வாங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் குழாய், ஹீலியம் குழாய் ஆகிய இரண்டுக்காகவே இதை வாங்கலாம். நியானும் பாதரசமும் கூடவே வருகின்றன. அவை இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் வேதியியல் நடத்துகிறேன். பெட்டி அம்பாலாவில் தயாரானது. மதுரையில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஒரு கடை மூலம், 10,000 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான விலையில் வாங்கினோம். உள்ளே இருப்பவை: 5,000 வோல்ட் வரை தரும் உயர் மின்னழுத்தப் பெட்டி, குழாயைச் செங்குத்தாகப் பிடிக்கும் தாங்கி, நான்கு மின்னிறக்கக் குழாய்கள், பிளாஸ்டிக்கில் செய்த கையடக்க நிறமாலைநோக்கி ஒன்று (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி), சுவரில் மாட்ட ஒரு படம், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட ஒரு குறிப்புத்தாள்.

ஹைட்ரஜன் குழாயிலிருந்து தொடங்குகிறேன். வெறும் கண்ணுக்கு அது இளஞ்சிவப்பாக ஒளிரும். நிறமாலைநோக்கியின் பிளவை அதற்கு நேராகப் பிடித்தால் அந்த ஒரே நிறம் தனித்தனிக் கோடுகளாகப் பிரிகிறது: 656 நானோமீட்டரில் சிவப்பு, 486இல் நீலப்பச்சை, 434இல் ஊதா. நான்காவது கோடு 410இல் இருக்க வேண்டும். நன்றாக இருட்டாக்கிய அறையில் கூர்மையான கண் உள்ள பிள்ளைகள் மட்டும் அதைப் பார்த்துவிடுகிறார்கள். இந்த நான்கு கோடுகளின் அலைநீளங்களை ஒரே வாய்பாட்டுக்குள் 1885இல் அடக்கிய பாமர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்த வேலை இது என்பதை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லுவேன்.

பிறகு கரும்பலகையில் கணக்கு. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913இல் தந்த ஆற்றல் மட்டங்களின்படி ஹைட்ரஜனின் இரண்டாம் மட்டம் −3.4 எலக்ட்ரான் வோல்ட், மூன்றாம் மட்டம் −1.51. வேறுபாடு 1.89. 1,240ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். 1,240ஐ 1.89ஆல் வகுத்தால் 656 வருகிறது. சற்றுமுன் கண்ணால் பார்த்த சிவப்புக் கோட்டின் எண்ணைத் தங்கள் கையாலேயே வகுத்து எடுக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகச் சாக்பீஸால் வட்டம் வரைந்து காட்டியபோது எனக்கு அது கிடைத்ததே இல்லை.

இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அதற்கு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு ஹீலியத்தை மாட்டுங்கள். "டீச்சர், 3டி காலியாக இருக்கும்போது எலக்ட்ரான் ஏன் 4எஸ்ஸுக்குப் போகிறது?" என்று வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். (எண் எலக்ட்ரான் இருக்கும் கூட்டையும், எழுத்து அந்தக் கூட்டின் உட்பிரிவையும் குறிக்கும்.) "ஆஃபா தத்துவம் அப்படித்தான், ஆற்றல் குறைந்த இடம்தான் முதலில் நிரம்பும்" என்று பதில் சொன்னால் அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிடும், விளங்கியிருக்காது. அதற்கு நேர்மையான பதில் ஹீலியம் குழாய்க்குள் இருக்கிறது.

ஹைட்ரஜனில் இருப்பது ஒரே எலக்ட்ரான். அதனால் 3எஸ், 3பி, 3டி மூன்றுக்கும் நடைமுறையில் ஒரே ஆற்றல். எதிலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கினாலும் அதே 656, அதே சிவப்பு. ஹீலியத்தில் இரண்டாவது எலக்ட்ரான் ஒன்று 1எஸ்ஸில் அணுக்கருவை மறைத்தபடி இருக்கிறது. அந்த மறைப்பைத் தாண்டி அணுக்கருவுக்கு அருகில் வரும் வாய்ப்பு எஸ் எலக்ட்ரானுக்கு அதிகம், பிக்குக் குறைவு, டிக்கு மிகக் குறைவு. எனவே ஒரே மூன்றாம் கூட்டில் இருந்தாலும் ஆற்றல்கள் பிரிந்துவிடுகின்றன. விளைவு கண்ணெதிரே தெரிகிறது. அதே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் இறக்கம் இங்கே 501.6இல் பச்சையாகவும், 587.6இல் பளிச்சென்ற மஞ்சளாகவும், 667.8இல் சிவப்பாகவும் வருகிறது. 706.5இல் இன்னும் ஆழ்ந்த சிவப்பு ஒன்று உண்டு. அது கண்ணுக்கு மங்கல். உள் எலக்ட்ரான்கள் கூடக்கூட இந்தப் பிரிவு பெரிதாகிக்கொண்டே போகிறது. பொட்டாசியத்துக்கு வரும்போது 4எஸ் 3டிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிரம்பும் வரிசைக்கு நாம் போடும் சாய்வு அம்புக்குறிப் படம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விடையை என்னால் தர முடியாது.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு சொல். 587.6, 667.8 இரண்டுமே 3டியிலிருந்து 2பிக்கு இறங்குபவைதான். அவற்றைப் பிரிப்பது இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே திசையிலா, எதிரெதிர்த் திசையிலா என்பது. பதினொன்றாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் பிள்ளைக்கு மறைக்கவும் வேண்டியதில்லை.

ஹீலியத்தின் அந்த மஞ்சள் கோட்டுக்கு நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் நிறமாலைநோக்கியால் ஆராய்ந்தார். சூரிய ஒளியில் அந்த ஆண்டு கவனிக்கப்பட்ட மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் அதனோடு பொருந்தவில்லை. அந்தக் கோட்டுக்குரிய ஹீலியத்தைப் பூமியில் வேதியியலாளர் ராம்சே பிரித்துக் காட்டியது 1895இல்தான்.

நியான் குழாய் அழகு. சிவப்பிலும் ஆரஞ்சிலும் கோடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. 2பியின் ஆறு எலக்ட்ரான்களில் ஒன்றைக் கிளப்பி 3எஸ், 3பிக்கு அனுப்பினால் மீதி ஐந்தோடு சேர்ந்து எத்தனையோ மட்டங்கள் பிறக்கின்றன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பாதரசக் குழாய்க்குப் பணம் கொடுக்கவே வேண்டாம். பழைய சிஎஃப்எல் விளக்கு ஒன்று போதும். அதே பச்சைக் கோடு 546இல் தெரியும்.

குறைகளுக்கு வருகிறேன். நிறமாலைநோக்கியின் அளவுகோல் நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கிறது. 546இல் விழ வேண்டிய பாதரசப் பச்சை என் கருவியில் 560க்குப் பக்கத்தில் நிற்கிறது. முதலில் அதைப் பார்த்து, எவ்வளவு தள்ளுகிறது என்று குறித்துக்கொண்டு, மற்றக் கோடுகளிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே நிறமாலைநோக்கி என்பதும் போதாது. கைபேசியின் கேமராவை அதன் கண்ணருகு முனையில் வைத்துப் படமெடுத்து எல்லோருக்கும் காட்டுகிறேன், நன்றாகவே வருகிறது.

சுவர்ப்படத்தை நான் மாட்டவில்லை. குரோமியத்துக்கு 3டியில் நான்கு, 4எஸ்ஸில் இரண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். 3டியில் ஐந்து, 4எஸ்ஸில் ஒன்று என்பதே சரி. தேர்வில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. இதைத் தவறாக அச்சிட்டுப் பள்ளிகளுக்கு விற்பது பொறுக்கத்தக்கதல்ல. அதோடு, ஹீலியம் குழாயை அனுப்பிய அதே பெட்டியில் எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் ஓடும் படத்தையும் வைத்திருக்கிறார்கள். அந்த வட்டக் கணக்கு ஹைட்ரஜனுக்குப் பொருந்தியதுபோல் ஹீலியத்துக்குப் பொருந்தவில்லை என்பதை வைத்தல்லவா பாடம் ஆர்பிட்டாலுக்கு, அதாவது எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு அதிகமுள்ள வெளிக்கு, போகிறது!

பாதுகாப்பு விஷயத்தில் தளர்வே கூடாது. தாங்கியின் உலோக முனைகள் வெளியே தெரிகின்றன. குழாயை மாற்றும் முன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிள்ளைகளை மாற்ற விடாதீர்கள். அரை நிமிடம் எரியவிட்டு அரை நிமிடம் ஆறவிட வேண்டும். நடுவிலுள்ள குறுகிய பகுதி சுடும். ஹைட்ரஜன் குழாய் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மங்கும் என்பதால் தேவையில்லாமல் எரிக்காதீர்கள்.

பணம் இல்லாத பள்ளிகளுக்கும் வழி இருக்கிறது. நிறமாலைநோக்கியைத் தனியாகச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். ஸ்பிரிட் விளக்கின் சுடரில் சோற்று உப்பைத் தூவுங்கள். 589இல் தெரியும் மஞ்சள், சோடியத்தின் கடைசி எலக்ட்ரான் 3பியிலிருந்து 3எஸ்ஸுக்கு இறங்குவது. இரண்டும் ஒரே மூன்றாம் கூடு! உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்களின் மறைப்பால் ஒரே கூட்டுக்குள் இத்தனை வேறுபாடு.

என் மாணவர்களில் பலரின் வீட்டில் பட்டாசு வேலை செய்பவர்கள் உண்டு. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஸ்ட்ரான்சியம் உப்பைச் சுடரில் காட்டினால் கூரிய சிவப்புக் கோடு கிடைக்காது, அகன்ற பட்டைகள்தான் தெரியும். அந்தச் சிவப்பைத் தருவது தனி அணு அல்ல, சுடரில் உருவாகும் மூலக்கூறுகள். அணுவின் சொந்தக் கோடு 460.7இல் நீலமாக, மெல்லியதாக நிற்கும். எலக்ட்ரான் அமைப்பு நடத்தும் நாளில் சோடியத்தோடு நிறுத்திக்கொண்டு, ஸ்ட்ரான்சியத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியாக வாங்குவதைவிட, மின்னழுத்தப் பெட்டியையும் ஹைட்ரஜன், ஹீலியம் குழாய்களையும் தனித்தனியாகத் தருவார்களா என்று கடையில் கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில நிறமாலைநோக்கிகள் வாங்கிவிடலாம்.