பேலியோ, சிறுதானியம், அரைத்தட்டு காய்: எங்க வீட்டு அடுப்புல எது நின்னுச்சு

எனக்கு சுகர்னு தெரிஞ்சப்ப வயசு 44, ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர காட்டற ரத்த டெஸ்ட், 8.4. தஞ்சாவூர் பக்கம், காலைல இட்லி மத்தியானம் சோறு ராத்திரி தோசைன்னு மூணு வேளையும் அரிசிலயே வளந்த உடம்பு. இந்த நாலரை வருஷத்துல மூணு முறையும் இருந்து பாத்துட்டேன், முதல்ல பேலியோ, அப்புறம் சிறுதானியம், இப்ப மூணு வருஷமா அரைத்தட்டு காய்கறி. சொந்தத்துல யாருக்கு புதுசா சுகர் வந்தாலும் எனக்குத்தான் போன் வருது, அதனால மொத்தமா எழுதி வெச்சிடறேன். நான் மூணாவது பக்கம்தான், அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

சீனி, ஜூஸ், பேக்கரி ஐட்டம், மைதா, இதெல்லாம் மூணுலயுமே கிடையாது. இதுல பேச ஒண்ணும் இல்ல.

பேலியோ. வேகத்துல இதுக்கு பக்கத்துல எதுவும் வராது. அரிசி, கோதுமை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டு காலைல நூறு பாதாம், மத்தியானம் முட்டையும் பொரியலும், ராத்திரி பனீரோ கறியோ. அஞ்சு மாசத்துல ஏழு கிலோ குறைஞ்சு ஹெச்பிஏ1சி 6.3க்கு வந்துச்சு. மாவுச்சத்தே உள்ள போகலன்னா சாப்பிட்டப்புறம் சுகர் ஏற பெருசா வழி இல்லல்ல. ஆனா ஒரு விஷயம், நான் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கிட்டே சோத்த நிறுத்திட்டேன், டாக்டர்கிட்ட கேக்கல, ரெண்டாவது வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு வேர்த்து கை நடுங்கி கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, குத்திப் பாத்தா 58. அந்த மாத்திரை கணையத்த தூண்டி இன்சுலின சுரக்க வெச்சுக்கிட்டே இருக்கும், சாப்பாட்டுல சர்க்கரை வரலன்னா அதுக்கு தெரியாது. டாப்பாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர்ல சர்க்கரைய வெளியேத்தற மாத்திரை போடறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், மாவுச்சத்த ரொம்ப குறைச்சா சுகர் பெருசா ஏறாமலே ரத்தத்துல கீட்டோன் அமிலம் கூடி ஆஸ்பத்திரில சேக்கற நிலைமை வரலாம். அதனால இந்தப் பக்கம் போறவங்க மாத்திரை சீட்ட எடுத்துக்கிட்டு டாக்டர பாத்துட்டுதான் போகணும். எனக்கு எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பும் 118ல இருந்து 164க்கு ஏறுச்சு, எல்லாருக்கும் அப்படி ஏறாது, எனக்கு ஏறுச்சு. நான் இருந்தது அஞ்சே மாசம், வருஷக்கணக்கா இதுல இருக்கறவங்க அனுபவம் எனக்கு இல்ல.

கொழுந்தனார் கல்யாணத்தோட பேலியோ நின்னுச்சு. ஆறு மாசத்துல ஹெச்பிஏ1சி 7.6.

அடுத்தது சிறுதானியம். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு எல்லா கடைலயும் சாமை, தினை, வரகு, குதிரைவாலி வந்து குவிஞ்ச நேரம், நானும் அரிசிய மாத்திட்டு ஆறு மாசம் இருந்தேன், ஹெச்பிஏ1சி 7.4தான் வந்துச்சு. காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. நூறு கிராம் கேழ்வரகுல மாவுச்சத்து கிட்டத்தட்ட 67 கிராம், பச்சரிசில 78. நார்ச்சத்து கேழ்வரகுல 11 கிராம், அரிசில 3 கூட இல்ல. வித்தியாசம் இருக்கு, ஆனா "இது சுகருக்கு நல்லது"ன்னு நினைச்சு ரெண்டு கரண்டி கூட போட்டுக்கிட்டா அந்த வித்தியாசம் அங்கயே போயிடும். அதுலயும் மாவா அரைச்சு கஞ்சியா காய்ச்சினா சீக்கிரமா செரிச்சு சர்க்கரை வேகமா ஏறும், கேழ்வரகு கஞ்சி குடிச்ச ரெண்டு மணி நேரத்துல எனக்கு 228 காட்டுச்சு. கேழ்வரகுல சுண்ணாம்புச்சத்து நிறைய, அதுக்காகவே வாரம் ரெண்டு நாள் இப்பவும் வீட்டுல உண்டு, அடையாவோ களியாவோ அளவா.

இப்ப நான் நிக்கற இடம். தட்டுல பாதி காய், கால்வாசி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது, மிச்ச கால்வாசிதான் சோறு. சோத்த கப்புல அளந்துதான் போடுவேன், சமைச்ச சாதம் ஒரு கப்புல மாவுச்சத்து 45 கிராம் கிட்ட இருக்கும், முன்னாடி நான் சாப்பிட்டது மூணு கப். உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி எல்லாம் எங்க வீட்டுல சோத்துக் கணக்கு, காய் கணக்கு இல்ல. காயையும் பருப்பையும் முதல்ல சாப்பிட்டுட்டு சோறு கடைசில, அப்படி சாப்பிட்டா ஏத்தம் குறையுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள்ல வந்திருக்கு, என் குளுக்கோமீட்டர்லயும் அதேதான்: அதே ஒரு கப் சோறு, முதல்ல சாப்பிட்டா 190, கொத்தவரங்காய் பொரியலும் கூட்டும் தின்னுட்டு சாப்பிட்டா 158. ஆறு மாசத்துல ஹெச்பிஏ1சி 6.7, அதுல இருந்து இன்னிவரைக்கும் 6.5க்கும் 6.9க்கும் நடுவுலயே நிக்குது. பேலியோவோட 6.3 வரல, வராது போல.

அப்புறம் ஏன் இது? எங்க வீட்டுல ஆறு பேர், அடுப்பு ஒண்ணு, சமைக்கறது நான். இந்த ஒரு விஷயத்த யாருமே முதல்ல யோசிக்கறதில்ல. பேலியோல இருந்தப்ப காலைல அஞ்சு மணிக்கு எழுந்து அவங்களுக்கு இட்லி சாம்பார், எனக்கு தனியா பாதாம் வறுக்கணும், மத்தியானம் அவங்களுக்கு சோறு குழம்பு, எனக்கு தனியா பனீர், ராத்திரி மறுபடி ரெண்டு. யாருக்காவது காய்ச்சல்னா, விருந்தாளி வந்தா, முதல்ல நின்னு போறது என் சமையல்தான், பசில கைக்கு கெடச்சத தின்னுடுவேன். நாள் கெழமைன்னா இன்னும் கஷ்டம், பொங்கலன்னிக்கு எங்க அத்தை "ஏம்மா, சாமிக்கு படைச்சத ஒரு வாய் கூட தொடக்கூடாதா"ன்னு கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. சிறுதானியத்துலயும் இதே கதை, பசங்க வரகு சோத்த தொடல, அதனால ரெண்டு குக்கர். இப்ப ஒரே குழம்பு, ஒரே கூட்டு, காய் மட்டும் முன்னவிட ரெண்டு மடங்கு நறுக்கறேன், அவங்க தட்டுல சோறு கூட, என் தட்டுல காய் கூட, அவ்வளவுதான். கல்யாணப் பந்தில கூட இந்த முறை உடையாது, பொரியல் அவியல் கூட்ட ரெண்டு தடவை வாங்கிட்டு சோத்த பாதியில நிறுத்திக்கலாம்.

தாக்குப்பிடிக்கறதுதான் கஷ்டம்னு பெரிய ஆய்வே காட்டியிருக்கு. பிரிட்டன்ல டைரெக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல முடிவு வந்துச்சு, ஒரு நாளைக்கு 850 கலோரி மாதிரி மூணுலருந்து அஞ்சு மாசம் வெறும் ஷேக், சூப்பு மட்டும் குடுத்து எடைய குறைக்க வெச்சாங்க. ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துடுச்சு, ரெண்டாவது வருஷம் அது 36 சதவீதம். அவ்வளவு பேர் பக்கத்துல இருந்து கவனிச்சும் இறங்குது, நான் ஒத்த ஆளா எத்தன வருஷம் தனிச் சமையல் சமைப்பேன்?

ஒரே சமையல்ல இன்னொண்ணும் நடந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ஹெச்பிஏ1சி 6.1, அதாவது சுகர் வர்றதுக்கு முந்தின கட்டம், அவருக்குன்னு நான் எதுவுமே பண்ணல, ரெண்டு வருஷத்துல 5.8. சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு இந்த எல்லைக் கோட்டுல இருந்த 531 பேர வெச்சு பண்ண ஆய்வு 2006ல வந்துச்சு, சாப்பாட்ட மாத்தி நடக்க வெச்சதுலயே சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது, மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை குடுத்தவங்களுக்கு 26.4. எனக்கு பேலியோ தட்டு தனியா இருந்த காலத்துல அவரு மூணு கப் சோறுதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

இன்சுலின் போடறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க என் கணக்க எடுத்துக்காதீங்க, அவங்க தட்டு டாக்டரும் உணவியல் நிபுணரும் சொல்ற தட்டு. ரொம்ப குண்டா இருந்து இப்பதான் சுகர் வந்திருக்கு, வீட்டுல தனியா சமைச்சுக் குடுக்க ஆள் இருக்குன்னா டாக்டர் மேற்பார்வைல பேலியோ அவங்களுக்கு என்னவிட நல்லாவே வேலை செய்யலாம், எடை குறையறது பெரிய லாபம்தான். மத்தவங்க ஒரு டப்பா ஸ்ட்ரிப் வாங்குங்க, வழக்கமா சாப்பிடற மாதிரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை குத்திப் பாருங்க, மறுநாள் அதே குழம்பு, அதே சோத்துல பாதி, மேல ரெண்டு கரண்டி அவரைக்காய் பொரியல், மறுபடி குத்திப் பாருங்க.