அசெலாயிக் ஆசிட் 20% கிரீம்: தொட்டாலே சிவக்கும் முகத்துக்கு, தில்லிக் குளிரில்

சோப்பு பட்டாலே எரிகிற தோல், அதன்மேல் முப்பது வயதுக்குப் பிறகு வந்த பரு. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது அசெலாயிக் ஆசிட் 20% கிரீமைத்தான். வேலை செய்ய நாளாகும். முதல் சில வாரங்கள் அரிக்கும். ஆனாலும் என் முகத்தைப் புண்ணாக்காமல் பருவையும், அது விட்டுவிட்டுப் போகிற கருப்பையும் குறைத்தது இது ஒன்றுதான். பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன, அதனால் பிராண்டு பெயர் சொல்லவில்லை. பெட்டியில் பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. வீடு மயூர் விஹாரில், ஆபீஸ் பாராகம்பா ரோட்டில். பரு வருவது தாடையோரத்திலும் கன்னத்தின் அடியிலும், பெரும்பாலும் மாதவிலக்குக்கு முந்தின வாரம். “ரெண்டு பிள்ளை பெத்ததுக்கப்புறமும் பருவாடி?” என்று கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் கேட்பாள். இந்த வயதில் பெண்களுக்கு இப்படி வருவது சாதாரணம், ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று தோல் டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா சமாதானமானாள். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனாலோ, மோவாயில் முடி வளர்ந்தாலோ கிரீம் வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். அது பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டு மாமி கஸ்தூரி மஞ்சள் தந்தார், எதிர் வீட்டு ஆன்ட்டி முல்தானி மிட்டி தந்தார். அன்போடு தந்தவைதான். ஆனால் மஞ்சளில் எனக்குத் தடித்தது, முல்தானி மிட்டி காய்ந்ததும் கன்னம் இழுத்து வெடித்தது. ஒரு ஸ்கின் கிளினிக்கில் அமிலம் தடவி மேல்தோலை உரிக்கிற கெமிக்கல் பீல் பேக்கேஜைத் தலையில் கட்டினார்கள். என் தோல் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தோல் உரிந்து, பரு இருந்த இடமெல்லாம் முன்பைவிடக் கருத்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது கெமிஸ்ட் கடைகளில் கேட்டதும் எடுத்து நீட்டுகிற கலவை கிரீம்கள். ஸ்டீராய்டு, நிறத்தை வெளுக்கிற ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கிற ட்ரெடினாயின் மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும். ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும், பரு அமுங்கும். விட்டால் இரட்டிப்பாக வரும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பிக்கும். 2018-லேயே பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அரசு கொண்டுவந்தது. இன்னமும் கேட்டால் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள், தங்கைகளையும் வாங்கவிடாதீர்கள்.

சரி, நம் கிரீமுக்கு வருவோம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருக்கும் அமிலம் இது. பருவில் பெருகும் பாக்டீரியாவை அடக்குகிறது, துவாரங்கள் அடைத்துக்கொள்வதைக் குறைக்கிறது, வீக்கத்தைத் தணிக்கிறது. நிறமி உண்டாக்கும் என்சைமையும் தடுக்கிறது. நம் மாதிரி மாநிறத்துக்காரர்களுக்குப் பரு ஒரு வாரத்தில் போய்விடும், அந்தக் கருப்புப் பொட்டு மாசக்கணக்கில் நிற்கும். அதனால் இந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பெரிது. ஆனால் இது சிவப்பழகு கிரீம் இல்லை. தழும்பின் கருமைதான் மங்கும், சொந்த நிறம் அப்படியே இருக்கும். இருக்கவும் வேண்டும்.

போடும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. இரவில் நுரை அதிகம் வராத, வாசனையில்லாத ஃபேஸ்வாஷ், வெதுவெதுப்பான தண்ணீர். துடைத்துவிட்டு முகம் நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தில் போட்டால் குத்தும். முதலில் மெல்லிசாக மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணி அளவு கிரீம், பரு இருக்கிற இடத்தில் மட்டுமல்ல, பரு வருகிற பகுதி முழுக்க. மூக்கோரம், உதட்டோரம், கண்ணருகே வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கி, தோல் பழகியதும் தினமும். இரண்டு வேளை போடச் சொல்வார்கள், என் தோல் ஒரு வேளைதான் தாங்குகிறது, டாக்டரும் அது போதும் என்றார். போட்ட கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊர்வது போல அரிக்கும், தானாகவே அடங்கிவிடும். எரிச்சல் அடங்காமல் சிவந்து வீங்கினால் கழுவிவிட்டு நிறுத்துங்கள்.

தில்லியில் சீசன் பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது. ஜனவரியில் கீசர் தண்ணீர், ஹீட்டர், வறட்டுக் காற்று எல்லாம் சேரும்போது கிரீம்தான் சுகம். மே மாதத்து லூ என்கிற அனல் காற்றிலும் ஜூலைப் புழுக்கத்திலும் அது பிசுபிசுக்கிறது, அப்போது இதே மருந்தின் 10% ஜெல். ஜெல்லைக் குளிரில் போட்டுப் பார்த்தேன், தோலைக் காயவைத்துவிட்டது. இன்னொரு குறை, காலையில் போட்டு உடனே சன்ஸ்க்ரீன் தடவினால் இரண்டும் உருண்டு உருண்டு உதிரும். அதனாலும் இரவே மேல். சன்ஸ்க்ரீனை மட்டும் விடாதீர்கள், வெயில் பட்டால் கருப்பு மங்கவே மங்காது. எரிகிற தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு வகை ஒத்துப்போகிறது.

தீபாவளிப் புகை அடங்கியதும் ஆரம்பித்தேன். பொங்கல் வாக்கில் புதுப் பரு வருவது குறைந்தது. ஹோலிக்குள் தாடையின் கருப்பு பாதிக்குமேல் போயிருந்தது. மாதவிலக்குக்கு முன் இன்னும் ஒன்றிரண்டு வருகிறது. அதை இது முழுசாக நிறுத்தவில்லை.

அழுத்தினால் வலிக்கிற, ஆழமான கட்டிகளுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்கத் தோல் மருத்துவர் அகாடமியின் 2024 வழிகாட்டுதலிலும் பென்சாயில் பெராக்சைடும், அடாபலின் போன்ற ரெட்டினாய்டுகளும் (வைட்டமின் ஏ வகை மருந்துகள்)தான் உறுதியான பரிந்துரை. அசெலாயிக் ஆசிட் அவற்றுக்கு ஒரு படி கீழே. அந்த இரண்டும் என் முகத்தில் செதில் செதிலாக உரித்தன, உங்களுக்கு ஒத்துக்கொண்டால் அவற்றையே தொடருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ரெட்டினாய்டு கூடாது. அசெலாயிக் ஆசிட் அப்போதும் டாக்டர்கள் எழுதுகிற மருந்து, இருந்தாலும் அவர்களிடம் கேட்டுவிட்டே போடுங்கள்.

ட்யூப் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று மாதமாவது விடாமல் போட முடியும் என்றால் வாங்குங்கள், நடுவில் நிறுத்தினால் காசு வீண். வாங்கும்போது எக்ஸ்பைரி தேதி பாருங்கள். முகத்தில் போடுவதற்கு முன் காதுக்குப் பின்னால் சில இரவுகள் தடவிப் பாருங்கள்.