ஜவ்வாது மலையில் குறைந்த வாடகையில் ஓர் அமைதியான விடுதி: இருட்டும் வெந்நீரும்

ஆலங்காயத்திலிருந்து மலையேறி, காவலூரைக் கடந்து ஜமுனாமரத்தூர் நோக்கிச் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி, பலாமரங்களுக்கு நடுவே ஆறே அறைகளுடன் ஓர் ஓட்டு வீட்டு விடுதி இருக்கிறது. இணையத்தில் பெயரைப் போட்டால் தாங்கள் சமாளிக்க முடியாத கூட்டம் வந்துவிடும் என்று அதை நடத்தும் பெரியவர் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. காவலூர்க் கடைத்தெருவில் பலாத்தோப்பு விடுதி எங்கே என்று விசாரித்தால் யாரும் வழி சொல்வார்கள். வயதான அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு வாரநாட்களில் அங்கே தங்கி வந்தேன். குறைந்த செலவில் உண்மையான அமைதியைத் தேடும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களுக்கு இந்த இடத்தைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் நம் பக்கத்து மக்கள் முதலில் நினைப்பது ஏலகிரியைத்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே ஏறும் அந்தப் பாதை எனக்கும் பிடிக்கும். ஆனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வந்து குவியும் சனி, ஞாயிறுகளில், ஒரு விடுதியின் ஒலிபெருக்கி பக்கத்து விடுதியின் ஒலிபெருக்கியோடு போட்டி போடுகிறது. அறைக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் உறக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஜவ்வாது மலை அந்த அளவுக்கு இன்னும் மாறவில்லை. இங்கே நான் கண்ட விடுதியின் சிறப்போ, மலை அமைதியாக இருப்பதால் தானும் அமைதியாக இருக்கிறது என்பது அல்ல. அமைதியை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, நாள்தோறும் அதற்காகப் பாடுபடுகிறார்கள் என்பதுதான்.

அறையை உறுதிசெய்யத் தொலைபேசியில் பேசும்போதே விதிகளைச் சொல்லிவிடுகிறார்கள். ஒலிபெருக்கி கூடாது, மது கூடாது, முற்றத்தில் தீ மூட்டி ஆடுவது கூடாது, இரவு ஒன்பதரைக்கு முற்றத்து விளக்குகள் அணைக்கப்படும். நாங்கள் இருந்தபோது ஓர் இளைஞர் கூட்டம் காரின் கதவுகளைத் திறந்துவைத்துப் பாட்டுப் போட்டது. பெரியவர் குரலை உயர்த்தாமல், "தம்பி, பாட்டு வேணும்னா காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க. இங்க வயசானவங்க தூங்குறாங்க," என்று சொல்லிவிட்டு, அவர்கள் நிறுத்தும்வரை வண்டியருகிலேயே நின்றார். வாடகை வாங்கிய விருந்தினரிடம் இப்படிச் சொல்லும் துணிவு எத்தனை விடுதிக்காரர்களுக்கு இருக்கிறது?

விளக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடைபாதை விளக்குகள் யாவும் தாழ்வாக, மேலே தகர மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன. அறைக்குள் படிக்கப் போதுமான வெளிச்சம் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் முழு இருட்டு. இந்த இருட்டுக்கு இம்மலையில் ஒரு வரலாறு உண்டு. நகர வெளிச்சம் எட்டாத தெளிவான வானம் கிடைக்கிறது என்பதற்காகத்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களின் இறுதியில் வானியல் ஆய்வகம் அமைக்கக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 1977ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஆய்வு, யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்ததில் பங்கு பெற்றது. 2.3 மீட்டர் விட்டம் கொண்ட பெரிய தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் 1986இல் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பதுண்டு என்றாலும், புறப்படும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆய்வகத்துக்குள் போகாவிட்டாலும் குறையில்லை. மேகமில்லாத இரவில் விடுதியின் திண்ணையில் உட்கார்ந்தாலே, வேலூர்க் கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் ஒருபோதும் காண முடியாத அளவுக்கு விண்மீன்கள் தெரிகின்றன. எழுபதைக் கடந்த என் பெரியம்மா, தன் சிறுவயதில் களத்துமேட்டில் படுத்துப் பார்த்த வானத்தைத் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லி, குளிரையும் பொருட்படுத்தாமல் வெகுநேரம் உள்ளே வர மறுத்துவிட்டார்.

அடுத்தது வெந்நீர். மலிவான மலை விடுதிகளில் என்னைப் பெரிதும் சோதித்தது இதுதான். கீசர் என்று ஒன்று சுவரில் இருக்கும். மின்னழுத்தம் குறைவாக இருப்பதால் அரை வாளிக்குமேல் வெதுவெதுப்புகூட வராது. நம் வடார்க்காட்டு மலைகளில் இயற்கையான வெந்நீர் ஊற்று எதுவும் இல்லை. இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில், நிலத்தடியிலிருந்து பொங்கும் நீரில் அரிசியை வேகவைத்துவிடுகிறார்கள். ஜவ்வாது மலையோ மிகப் பழைய கடும்பாறையால் ஆனது, இங்கே பாறையிடுக்கில் கசிவதெல்லாம் குளிர்ந்த சுனைநீர்தான். அந்தச் சுனைநீரைத் தொட்டியில் சேர்த்து, விறகு எரியும் பெரிய பாய்லரில் காய்ச்சி, தோப்பின் பின்பக்கம் தனியாகக் கட்டிய குளியல் அறைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். காலை ஐந்து மணி முதல் எட்டரை வரை தடையின்றி வெந்நீர் கிடைக்கிறது; மாலையில் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள். தரை சொரசொரப்பான கருங்கல், எனவே வழுக்காது. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து குளிக்க ஒரு கல்திண்ணையும், கால்களை முழங்கால்வரை அமிழ்த்தி வைக்க ஒரு சிறு தொட்டியும் இருக்கின்றன.

இந்தத் தொட்டியை அமைத்தவருக்கு என் அம்மாவின் சார்பில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மலைக்குளிரில் இறுகிப்போன முழங்கால்களை அதில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது யாருடைய கையையும் பிடிக்கவில்லை. இது நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை, வெந்நீர் தரும் தற்காலிக இதம்தான். பாய்லரைக் கவனிக்கும், இம்மலையின் பழங்குடியான மலையாளி இனத்துப் பெண்மணியின் பொறுப்புணர்வும் என்னைக் கவர்ந்தது. "அம்மா, கால் வைக்காதீங்க, கொதியா இருக்கு. பச்சைத் தண்ணி கலந்து தர்றேன்," என்று தன் கையை விட்டுப் பார்த்த பிறகே அம்மாவை அனுமதித்தார். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்கள் இறங்கும்முன் உடன் வருபவர் கட்டாயம் நீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை விடுதிக்காரர்கள் ஒரு பலகையில் எழுதிவைத்தால் நல்லது.

வாடகை, இருவர் தங்கும் அறைக்கு வாரநாட்களில் 1,400 ரூபாய். வார இறுதியில் 1,800. கூடுதல் பாய், தலையணை, கம்பளிக்குத் தலைக்கு 200 ரூபாய் வாங்குகிறார்கள். அறைகள் சிறியவை, சுத்தமானவை. மெத்தை கெட்டியாக இருக்கும். தொலைக்காட்சி இல்லை.

சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; நினைத்த நேரத்தில் எதுவும் கிடைக்காது. சொல்லிவைத்தால் கிடைப்பது மலையில் விளைந்த சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல். சாமையைப் பலர் குழைத்துவிடுவார்கள். இங்கே உதிரியாக, மணத்தோடு வடித்திருந்தார்கள். காலையில் இட்லி இருந்தது, சுமார்தான். தேனும் புளியும் வாங்கிவர நினைப்பவர்கள் ஜமுனாமரத்தூரில் வாங்கலாம்.

ஊர் சுற்ற விரும்புவோருக்கு ஜமுனாமரத்தூர் ஏரியில் படகும், மழைக்காலம் முடிந்த மாதங்களில் பீமன் அருவியும் உண்டு. கோடையில் அருவியை நம்பிப் போனால் பாறையைத்தான் பார்க்க முடியும். செய்யாறு பிறக்கும் மலை இது என்பதை ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகளைப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

வேலூரிலிருந்து காரில் வருபவர்கள் வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக வருவது எளிது. திருப்பத்தூரிலிருந்தும் போளூரிலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு அரசுப் பேருந்துகள் உண்டு. ஆனால் பேருந்தில் வருபவர்கள் சாலையிலிருந்து விடுதிவரை பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டிய பிறகு மலைப்பாதையில் ஏற வேண்டாம். வளைவுகளில் மாடுகள் படுத்திருக்கின்றன. வாயிலருகே மட்டும் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கிறது, அறைக்குள் கிடைப்பதில்லை. இதய நோய் உள்ளவர்களை அழைத்துவருபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஏனெனில் பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கித்தான் போக வேண்டியிருக்கும்.

இனி அந்த நிபந்தனை. அறைகளிலிருந்து குளியல் அறைகளுக்கு இறங்கும் கற்படிகள் உயரமானவை, ஒன்றுக்கொன்று அளவு மாறுபட்டவை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி எதுவும் இல்லை. வெந்நீர்த் தொட்டி யாருக்கு அதிகம் பயன்படுமோ, அவர்களேதான் அந்தப் படிகளில் இறங்க அஞ்சுகிறார்கள். விடியற்காலையில் பனியில் நனைந்த அந்தக் கற்களில், நானும் பாய்லர் பெண்மணியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துத்தான் அம்மாவைக் கீழே கொண்டுசேர்த்தோம். பெரியவரிடம் இதைச் சொன்னபோது மறுப்பேதும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். தை மாதத்துக்குள் இரும்புக் கம்பி பொருத்தித் தருவதாகவும் சொன்னார். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே கம்பி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். இன்னும் இல்லையென்றால், படியிறங்கத் தேவையில்லாத முதல் இரண்டு அறைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெந்நீரை வாளியில் அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.